சம்பந்தி வீட்டில் திறந்த பாட்டில்

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். கல்யாணம் முடிவதற்குள் சம்பந்தி என்று எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, என் மகனுக்கும் உங்கள் மகளுக்கும் ஜூன் மாதமே முடித்துவிடலாம் என்று பேசி எழுந்த பிறகு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

விருந்து நன்றாக இருந்தது. என் மகன் திரும்பி வரும் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. அவ்வளவு சாப்பிட்டிருக்கிறான்.

நான் கொண்டுவந்த பாட்டிலைப் பற்றி அன்றைக்கே சொன்னேன். உங்கள் மைத்துனர் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்ததில் உங்கள் காதில் சரியாக விழுந்திருக்காது. என் மகன் பிறந்த வாரம் அவன் அப்பா வாங்கி வைத்த ஒயின் அது. "இவன் கல்யாணப் பேச்சு முடியற அன்னிக்கு ரெண்டு குடும்பமும் உட்கார்ந்து குடிக்கணும்" என்று சொல்லி, படுக்கையறை அலமாரியின் அடித்தட்டில் படுக்க வைத்தார். எங்கள் வீட்டில் ஒயின் தினசரி விஷயம் இல்லை. பிறந்தநாள் வந்தால், நண்பர்கள் யாராவது குடும்பத்தோடு வந்தால், ஒரு பாட்டில் திறப்போம். ஆளுக்கு அரை கிளாஸ். அவர் ஊற்ற ஆரம்பித்தால் சாப்பாடே நிதானமாகிவிடும், யாரும் எழுந்து போக மாட்டார்கள். அவர் போய் மூன்று வருஷமாகிறது. அந்த ஒரு பாட்டில் மட்டும் அப்படியே இருந்தது.

அதைத் திறக்க நீங்கள் சமையலறைக்குள் எடுத்துக்கொண்டு போனீர்கள். சூப் ஆறிப்போகும் வரை வரவில்லை. வந்தபோது கையில் பாட்டில் இல்லை, கண்ணாடி ஜாடியில் ஒயின் இருந்தது. எல்லோரும் அருமை என்றார்கள். உங்கள் மைத்துனர் மூன்று தடவை வாங்கிக் குடித்துவிட்டு, "இதுல வயசு தெரியுது" என்றார். நானும் கண் கலங்கி நாலு வார்த்தை பேசினேன்.

ஒரு சின்ன வேண்டுகோள். அந்தக் காலி பாட்டில் எனக்கு வேண்டும். என் அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். இன்சூரன்ஸ் அலுவலகம், க்ளெய்ம் பிரிவு என்று போட்டால் போதும். வீட்டுக்கு வந்தால், காலி பாட்டிலுக்காக அம்மா கடிதம் போட்டாளா என்று மகன் சிரிப்பான்.

மேஜையிலேயே திறந்திருக்கலாமே என்று ஒரு எண்ணம். சும்மா கேட்கிறேன்.

தங்கள் சம்பந்தி


மார்ச் 9

சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கள் அன்புக்கு நானும் என் மனைவியும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பழைய ஒயினில் அடியில் கசடு தங்கும். ஜாடியில் மெதுவாக ஊற்றித் தெளிய வைத்துத்தான் பரிமாற வேண்டும். தாமதத்துக்கு அதுதான் காரணம். காலி பாட்டில் விஷயத்தில் மன்னிக்க வேண்டும். வேலைக்கு வரும் அம்மாள் மறுநாள் காலையிலேயே குப்பையோடு போட்டுவிட்டாள்.

நானும் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்த அலமாரிக்குப் பூட்டு உண்டா? சாவி யாரிடம் இருக்கும்? தங்கள் மகன் படித்த காலத்தில் வீட்டிலேயேதான் இருந்தாரா, அவருடைய நண்பர்கள் வந்து தங்குவது உண்டா? ஒயினை இத்தனை வருஷம் கெடாமல் வைத்திருந்திருக்கிறீர்களே, எப்படி வைத்தீர்கள் என்று அறியும் ஆர்வம்தான்.

ஜூன் மாதம் என்றால் ஏற்பாடுகளுக்கு நேரம் போதுமா என்றும் யோசிக்கிறேன். தாங்களும் யோசியுங்கள்.

இனி எனக்கு எழுதுவதாக இருந்தால் எங்கள் தெருமுனை மருந்துக்கடை முகவரிக்கு எழுதவும். கடைக்காரர் எனக்கு வேண்டியவர். வீட்டுக்கு வரும் தபாலை மகள்தான் எடுக்கிறாள்.

தங்கள்
சம்பந்தி


மார்ச் 13

சம்பந்தி அவர்களுக்கு,

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தீப்பிடித்தது, திருடு போனது, தண்ணீரில் நனைந்தது என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற வேலை. பொருள் எங்கே என்றால், வேலைக்காரி குப்பையில் போட்டுவிட்டாள் என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்வார்.

உங்கள் வீட்டுக்கு வேலைக்கு ஆள் வருவதில்லை. உங்கள் மனைவி அன்றைக்கு என்னிடம் பெருமையாகச் சொன்னார். "சமையல் நான், பாத்திரம் அவர், கல்யாணமான நாள்லேருந்து இப்படித்தான்" என்றார்.

இரண்டாவது, நான் குடித்த ஒயின். எனக்கு ஒயினைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் என் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருஷக்கணக்காக இருந்த ஒயின் கிளாஸின் ஓரத்தில் செங்கல் நிறத்துக்குப் போய்விடுமாம். நீங்கள் ஊற்றியது மாதுளம் சாறு மாதிரிப் பளபளவென்று இருந்தது. அன்றைக்கு இருந்த மனநிலையில் பேசாமல் குடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது, மண்டபத்து மேலாளர் நேற்று என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஜூன் தேதியை இப்போதைக்கு உறுதி செய்ய வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்களாம். என்னிடம் நேரம் போதுமா என்று யோசிக்கச் சொல்லிவிட்டு, அதற்குள் நீங்களே யோசித்து முடித்துவிட்டீர்கள்.

ஒளிக்காமல் கேட்கிறேன். என் கணவர் வைத்த ஒயினை உங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, எங்களுக்கு வேறு எதையோ ஊற்றினீர்களா? நல்ல சரக்கு என்று பார்த்தவுடன் ஆசை வந்திருக்கலாம். மனுஷர்களுக்கு வருவதுதான். அப்படியென்றால் சொல்லிவிடுங்கள், மறந்துவிடுகிறேன். ஆனால் என் மகனைப் பற்றி, அவன் நண்பர்களைப் பற்றி, சாவியைப் பற்றி ஏன் விசாரணை? அதைச் சொல்லுங்கள்.

சம்பந்தி


மார்ச் 17

அம்மா,

என்னைத் திருடன் என்று எழுதியிருக்கிறீர்கள். சுங்கத்துறையில் முப்பது வருஷம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவன் நான். ஒரு சென்ட் பாட்டில்கூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. இதற்கு மேல் மறைத்தால் என் மரியாதை போய்விடும். எழுதிவிடுகிறேன்.

உங்கள் பாட்டிலில் ஒயின் இல்லை. தேநீர் இருந்தது.

கழுத்தில் சுற்றியிருந்த ஈயத்தாளைக் கத்தியால் கீறப் போனேன். கீறத் தேவையில்லாமல் தொப்பி மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குக் கீழே தக்கையைச் சுற்றி மெழுகு. ரோஜா நிறத்தில் இருந்தது. தக்கையில் ஏற்கெனவே ஒரு திருகு இறங்கிய ஓட்டை, அதையும் அதே மெழுகால் அடைத்திருந்தது. இவ்வளவு சுத்தமான வேலையைத் துறைமுகத்தில்கூடப் பார்த்ததில்லை. உள்ளே இருந்ததை ஒரு கரண்டியில் ஊற்றி முகர்ந்தேன், நாக்கில் வைத்தேன். பழைய கட்டித் தேநீர். பச்சைக் கண்ணாடிக்குள் இருந்ததால் வெளியே இருந்து பார்த்தால் சந்தேகமே வராது.

என் மனைவி பாட்டிலை அப்படியே மேஜைக்கு எடுத்துப் போய்க் கேட்டுவிடலாம் என்றாள். நான் தடுத்தேன். வெளியே நீங்கள் உங்கள் கணவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள், குரல் உள்ளே கேட்டது. வீட்டில் இருந்த வேறு பாட்டிலைத் திறந்து ஜாடியில் ஊற்றினேன். உங்கள் பாட்டில் குப்பைக்குப் போகவில்லை. தேநீரோடு எங்கள் செருப்பு அலமாரிக்குள் இருக்கிறது.

இனி எழுதப்போவது உங்களுக்குக் கசக்கும். ஜாடியை மேஜையில் வைத்தபோது எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். பழக்கதோஷம். எல்லோரும் ஜாடியைப் பார்த்தார்கள். உங்கள் மகன் ஒருவர் மட்டும் என்னைப் பார்த்தார். அப்புறம் கிளாஸைத் தூக்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் பெட்டியைப் பார்க்க மாட்டான், அதிகாரியைத்தான் பார்ப்பான்.

அப்பா வைத்த பாட்டிலை ரகசியமாகக் குடித்துவிட்டு, அதில் தேநீரை ஊற்றி, அதை அம்மா சம்பந்தி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது பேசாமல் பின்னால் வருகிற ஒருவருக்கு என் மகளைக் கொடுக்க யோசிக்கிறேன். எனக்கு இருப்பது ஒரே பெண். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. உங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்றுகூட முதல் வாரம் சந்தேகப்பட்டேன். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு அது இல்லை.

இப்படிக்கு


மார்ச் 20

ஐயா,

என் மகன் திருடவில்லை. அலமாரிச் சாவி என் கைப்பையில்தான் இருக்கும். அவன் குடிகாரனும் இல்லை. அவன் வேலை பார்ப்பது லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில். பத்து மாடி ஆழத்துக்கு மேலே நின்று வேலை செய்கிறவன் குடித்துவிட்டு நிற்க முடியாது.

நீங்கள் சொல்வதற்கு என்ன சாட்சி? உங்கள் கத்தி, உங்கள் சமையலறை, உங்கள் செருப்பு அலமாரி. பாட்டிலில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தேநீர் ஊற்றலாம். ஒயின் பாட்டிலைக் காப்பாற்ற ஒரு பையனின் பெயரைக் கெடுக்கிறீர்களோ என்று நான் ஏன் நினைக்கக்கூடாது?

மெழுகு என்றீர்களே, ரோஜா நிறத்தில். அதில் ஒரு துண்டு இருந்தால் உறையில் போட்டு அனுப்புங்கள். அதுவரை நமக்குள் பேச்சு வேண்டாம்.


மார்ச் 26

அம்மா,

மெழுகு இத்துடன் இருக்கிறது. தக்கையின் மேல்பக்கத்திலிருந்து உடையாமல் எடுத்திருக்கிறேன்.

நீங்கள் பேச்சு வேண்டாம் என்றாலும், நடந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் உங்கள் மகனைப் பின்தொடர்ந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவர் வேலை செய்யும் கட்டடத்துக்கு எதிரே, ஒரு தையல் கடை ஓரத்தில் போய் நின்றேன். மதியம் வெளியே வந்தார், படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றார், உள்ளே போனார். சாயங்காலம் வேலை முடிந்து நடந்தார். நானும் நடந்தேன். மதுக்கடை இருக்கிற தெருவுக்குள் திரும்பினார். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கடையைத் தாண்டிப் போய் ஒரு செருப்பு தைக்கிறவரிடம் பூட்ஸைக் கொடுத்தார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. அவர் திரும்பி வந்தபோது நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். "மாமா, நனையறீங்களே. பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றேன்" என்று குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்துவிட்டது. இந்தப் பக்கம் எங்கே வந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. பஸ் வந்ததும் என்னை ஏற்றிவிட்டு நின்றார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பாதி வழியில் சந்தேகம் திரும்பி வந்துவிட்டது. தான் வேலை செய்யும் பக்கத்தில் மாமனார் மழையில் நிற்பதைப் பார்த்து ஏன் என்று கேட்காதவருக்குக் காரணம் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அம்மா. உங்களுக்குப் புரிந்தால் எழுதுங்கள்.


ஏப்ரல் 6

ஐயா,

பதில் எழுத நாளாகிவிட்டது. உறையைப் பிரித்து அந்த மெழுகைக் கையில் எடுத்தவுடனே எனக்கு யாருடைய வேலை என்று தெரிந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் கஷ்டமே.

என் வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து பல்லை வரிசையாக வைத்துச் செய்து கொடுப்பார். பல்லை முதலில் நிறுத்திப் பார்ப்பது இந்த மெழுகில்தான். ஈறு நிறத்தில் இருக்கும். அவர் சட்டையிலிருந்து, தலைமுடியிலிருந்து, ஒரு தடவை சாம்பார்க் கரண்டியிலிருந்துகூட இதை நான் சுரண்டியிருக்கிறேன். ஓரத்தைச் சாய்வாகச் சீவியிருக்கிறது பாருங்கள், அது அவர் கை.

ஆக, பாட்டிலைத் திறந்தது அவர். மூடியதும் அவர். அப்படியென்றால் யாரோடு குடித்தார்?

தனியாகக் குடிக்கிற ஆள் இல்லை அவர். எதிரில் ஒரு ஆளில்லாமல் அரை கிளாஸ்கூட இறங்காது. எனக்குத் தெரியாமல், எனக்குத் தெரியக்கூடாது என்று அத்தனை கவனமாக மூடி வைத்திருக்கிறார். நான் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் ஒரு பெண் இருந்தாள். இவர் இறந்த அன்று என்னைவிட அதிகமாக அழுதவள். அன்றைக்கே ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் மறந்துவிட்டேன். இந்த மெழுகு வந்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அவருடைய சட்டைகளை மறுபடி எடுத்து முகர்ந்து பார்த்தேன். மதியம் லீவு போட்டுவிட்டு அந்தக் கிளினிக் வாசல் வரை போனேன். அவள் யாரோ ஒரு குழந்தைக்குக் கண்ணாடியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். செத்துப்போனவரைச் சந்தேகப்படுவது மாதிரி ஒரு வேலை உலகத்தில் இல்லை. பதில் சொல்ல ஆளே கிடையாது.

மறுநாள் காலை சாப்பிடும்போது மகனிடம் கேட்டுவிட்டேன். "அப்பா அந்த பாட்டிலை யாரோட குடிச்சார், உனக்குத் தெரியுமா?"

ஸ்பூனைக் கீழே வைத்தான். "என்னோடம்மா" என்றான்.

அப்புறம் சொன்னான். வெள்ளம் வந்த வருஷம் அது. எங்கள் அலுவலகத்தில் க்ளெய்ம் காகிதங்கள் கூரை வரை குவிந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமையும் போய்க்கொண்டிருந்தேன். அப்படி ஒரு ஞாயிறு, இவர் டாக்டரிடமிருந்து வந்த முடிவை மகனிடம் காட்டியிருக்கிறார். பிழைக்க வழியில்லாத நோய் என்று அதில் இருந்தது. பையன் அழுதிருக்கிறான். இவர் எழுந்து போய் என் மாற்றுச் சாவியைத் தேடி எடுத்து, பாட்டிலைக் கொண்டு வந்து பின்னறை மேஜையில் வைத்திருக்கிறார். "உன் கல்யாணத்துக்கு நான் இருக்க மாட்டேன்டா. என் பங்கை இப்பவே குடிச்சிடறேன். துணைக்கு உட்காரு" என்றாராம். சாயங்காலம் வரை இரண்டு பேரும் உட்கார்ந்து மெதுவாகக் குடித்திருக்கிறார்கள். முடிந்த பிறகுதான் அம்மா கேட்பாளே என்று நினைப்பு வந்திருக்கிறது. தேநீர் போட்டு, கட்டி போதாது என்று மறுபடி போட்டு, ஒரு சொட்டு ஒயினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாராம். ஆயுசு முழுக்க ஒருத்தர் பல்லின் நிறத்துக்கு இன்னொரு பல்லைச் சேர்த்தவர். அவர் சேர்த்த நிறத்தை நான் கண்டுபிடிக்க முடியுமா?

"அம்மாகிட்ட இப்ப சொல்லாதே. வெள்ள வேலை முடியட்டும்" என்று சொல்லியிருக்கிறார். நோயைப் பற்றித்தான். எனக்கு அந்த வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது.

உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அதே மாதிரி பாட்டில் ஒன்று வாங்கி மாற்றி வைத்துவிட மகன் அலைந்திருக்கிறான். கிடைக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் நான் பையோடு வாசலில் நின்றேன், அவனுக்கு வாய் வரவில்லை. நீங்கள் ஜாடியோடு வந்தபோது உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்று மழையில் நீங்கள் கேட்பீர்கள் கேட்பீர்கள் என்று பஸ் ஸ்டாப் வரை எதிர்பார்த்துக்கொண்டே வந்தானாம்.

உங்களிடம் தவறாகப் பேசியதற்கு மன்னியுங்கள். மகனோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. பாட்டில் போனது பெரிதில்லை. நான் அலுவலகத்தில் யார் யாருடைய வீடு நனைந்தது என்று எழுதிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் இரண்டு பேர் என்னைத் தவிர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் அத்தனை நாள் என் எதிரில் இரண்டு பேரும் சாதாரணமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

கல்யாணத்தைப் பற்றி நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.


ஏப்ரல் 11

சம்பந்தி அம்மாவுக்கு,

மண்டபத்துக்குப் போன் செய்து ஜூன் தேதியை உறுதி செய்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அப்புறம் மகளைக் கூப்பிட்டேன். மெதுவாக, அவள் மனசு நோகாமல், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஒரு பாட்டில் விஷயம்மா" என்றேன்.

"எந்த பாட்டில்? செருப்பு அலமாரில இருக்கே, அதுவா?" என்றாள்.

விருந்து நடந்த அன்றே, நீங்கள் காரில் ஏறிய பிறகு, உங்கள் மகன் வாசலில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மருந்துக்கடைக்குப் போய்க் கடிதம் வாங்குவது, ஒரு சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்தது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "ஜுரமும் இல்லை, இருமலும் இல்லை, அப்பா தினம் மருந்துக்கடைக்குப் போறார்னா எனக்கு சந்தேகம் வராதாப்பா?" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டேன். "அவர் அவங்கம்மாகிட்ட சொல்லணும்னு சொல்லிட்டு இருந்தார். அதுக்கு முன்னாடி நான் உங்ககிட்ட சொல்லி, நீங்க அவங்களுக்கு எழுதினா நல்லாவா இருக்கும்? நீங்க நேரா கேப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க துப்பறியக் கிளம்பிட்டீங்க" என்றாள். என் மனைவி சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவனுக்கு வீட்டிலேயே வேவு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் ஜாடியில் ஊற்றியது, இறைச்சி வேகவைப்பதற்காக என் மனைவி வாங்கி வைத்திருந்த சமையல் ஒயின். கடையில் இருந்ததிலேயே மலிவானது. நீங்கள் கண்டுபிடித்தது சரி. வயசு தெரிகிறது என்று சொன்ன என் மைத்துனரிடம் இதை இந்த ஜென்மத்தில் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

தேநீரை என்ன செய்வது என்று எழுதுங்கள். என் கையால் கொட்ட மனம் வரவில்லை.

உங்கள் மகனைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவரோடு பேசாமல் இருக்காதீர்கள். இதை மட்டும் சம்பந்தி என்கிற உரிமையில் சொல்கிறேன்.

தங்கள்
சம்பந்தி


ஏப்ரல் 16

சம்பந்தி அவர்களுக்கு,

தேநீரைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலும் எனக்கு வேண்டாம். குப்பையில் போடும்போது மட்டும் வேலைக்கு வரும் அம்மாளைக் கூப்பிட மறக்காதீர்கள்.

உங்கள் மகளை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. என் மகனுக்கு வாய்க்கப்போகிறவள் நம் இரண்டு பேரையும்விடப் பெரிய ஆளாக இருப்பாள் போலிருக்கிறது.

நீங்கள் சொன்னதை மதித்து ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். காலையில் கடைக்குப் போய் நானே ஒரு ஒயின் பாட்டில் வாங்கினேன். இதுவரை நான் வாங்கியதில்லை, அதெல்லாம் அவர் வேலை. கடைக்காரர் இறைச்சிக்கா மீனுக்கா என்று கேட்டார். மகனோடு பேசுவதற்கு என்று சொல்ல முடியுமா? மீனுக்கு என்று சொல்லிவிட்டேன்.

பின்னறை மேஜையைத் துடைத்தேன். இரண்டு நாற்காலி போட்டேன். மகனைக் கூப்பிட்டு, "அன்னிக்கு நீ எங்க உட்கார்ந்தே, அப்பா எங்க உட்கார்ந்தார்?" என்றேன். காட்டினான். அவர் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். தக்கையை எடுக்க எனக்கு வரவில்லை, பாதி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. அவன் வாங்கி, துண்டுகளை ஸ்பூனால் எடுத்துவிட்டு ஊற்றினான். அவர் ஊற்றுகிற மாதிரியே, கிளாஸைக் கொஞ்சம் சாய்த்து.

"முதல்லேருந்து சொல்லு. ஒண்ணும் விடாதே" என்றேன்.

சொன்னான். முதல் கிளாஸில் அவன் பிறந்த அன்றைய கதையை அவர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒரு தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்தாராம், அது எனக்கே தெரியாது. அப்புறம் என்னைப் பற்றி. நான் ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பேசுவேன், அதற்குள் யாரும் எதையும் கேட்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சிரித்துச் சிரித்துச் சொன்னாராம். அந்தப் பெண்ணைப் பற்றிக்கூட விசாரித்தேன், கிளினிக் மேஜைப் பெண். அவளுடைய அம்மாவுக்கு அவர் பல்செட் செய்து கொடுத்திருக்கிறார், அதுதான் பழக்கம். கேட்டு முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, "அப்பாவுக்கு பயம்மா. உன்கிட்ட சொன்னா அது நிஜமாயிடும்னு சொன்னார்" என்றான். இரண்டு பேரும் ஒரு வாய் குடித்தோம். ஒயின் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் துவர்ப்பு.

கதை கடைசிக் கிளாஸுக்கு வந்தபோது நிறுத்திவிட்டான். அப்போது அவர் இன்னொன்று சொன்னாராம். என்னவென்று கேட்டேன். "அது வேண்டாம்மா. அது எனக்குச் சொன்னது" என்றான்.

எதிரில் உட்கார்ந்தவர்கள் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று தேடிப் பிடிக்கிறதுதான் என் வேலை. அவன் முகத்தைப் பார்த்தேன். என்னைப் பற்றியதாக இருக்குமா, நோயைப் பற்றியதா, எனக்குத் தெரியாத வேறு ஏதாவதா என்று மனசு ஓடியது. இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். என் பிள்ளை, எனக்குத் தெரியும்.

கேட்கவில்லை. பாட்டிலில் மிச்சம் இருந்ததை அவன் கிளாஸில் ஊற்றினேன்.

உங்கள் சம்பந்தி